பால்சா மரத்தில் பறக்கும் மாதிரி ராக்கெட்: அடி முதல் நுனி வரை கையால் செய்யும் முறை

மர ராக்கெட் உடைந்து வந்தால் பெரும்பாலும் காரணம் பசையோ காற்றோ அல்ல, ரேகை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் வெட்டியிருப்பார்கள். மூக்கு, உடல், துடுப்பு என ஒவ்வொரு பாகத்துக்கும் ரேகை ஓடவேண்டிய திசை வேறு. அது பிடிபட்டுவிட்டால் மற்றவை பொறுமையும் கூர்மையான கத்தியும் சார்ந்த வேலைதான்.

இங்கே சொல்லும் ராக்கெட்டின் மொத்த நீளம் 400 மிமீ. மூக்கு 80, உடல் 320. வெளி விட்டம் சுமார் 27.5 மிமீ, துடுப்புகள் மூன்று. மோட்டார் இல்லாமல் 40 முதல் 45 கிராம் எடை வரும். கடையில் கிடைக்கும் 18 மிமீ விட்டம், 70 மிமீ நீளமுள்ள மாதிரி ராக்கெட் மோட்டாருக்கு ஏற்றது.

முதலில் மோட்டார் பற்றி ஒரு வார்த்தை. "அடி முதல்" என்பது உடலுக்கு மட்டும்தான். மோட்டாரை ஒருபோதும் வீட்டில் செய்யக்கூடாது. 1954-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆர்வில் கார்லைல், ராபர்ட் கார்லைல் என்ற சகோதரர்கள் முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தார்கள். காகிதமும் பால்சாவுமாகக் கட்டிய லேசான உடல், எரிந்து முடிந்ததும் தூக்கிப் போடும்படியான தனி மோட்டார் என்பதுதான் அவர்கள் வகுத்த வழி. பின்னாளில் அந்த மோட்டார்கள் ஆலையில் ஒரே தரத்தில் தயாராக ஆரம்பித்த பிறகே இது பாதுகாப்பான பொழுதுபோக்காக ஆனது. வெடிமருந்தைக் கையால் கெட்டித்துக் கை விரல்களை இழந்தவர்கள் அதற்கு முன்பு ஏராளம். மோட்டார் வாங்கவும் ஏவவும் உங்கள் பகுதியில் அனுமதி வேண்டுமா என்பதை மரத்தை வெட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தேவையானவை

0.8 மிமீ தடிமனுள்ள பால்சா தகடு ஒன்று, 100 மிமீ அகலத்தில். 2.4 மிமீ பால்சா தகடு ஒன்று. 32 மிமீ சதுரம், 110 மிமீ நீளமுள்ள பால்சா கட்டை. 1.5 மிமீ பிளைவுட் சிறு துண்டு. 6 மிமீ கெட்டி மரக் குச்சி. 80 ஜிஎஸ்எம் பழுப்புக் காகிதம். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை. 80, 120, 240, 320 எண் உப்புத்தாள். சிறிய கண் திருகாணி. கெவ்லார் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை) நூல் 30 செமீ, 5 மிமீ அகல எலாஸ்டிக் ஒரு மீட்டர். மரத்துக்கான சீலர். இவற்றோடு 25 மிமீ விட்டமுள்ள நேரான மர உருளை ஒன்று, 45 செமீ நீளத்தில். காகிதக் குழாய் சுற்றும் அச்சு இதுதான். தட்டையான கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் அந்த உருளை வேண்டாம். அச்சில் இருக்கும் கோணல் குழாயிலும் அப்படியே இறங்கும்.

பால்சா வாங்கும்போது தகட்டின் முகத்தைக் கவனியுங்கள். ஒரே மரத்திலிருந்து வந்தாலும் அறுத்த விதத்தைப் பொறுத்துத் தகடுகளின் குணம் மாறும். நீளக் கோடுகள் மட்டும் தெரியும் தகடு குறுக்கே எளிதாக வளையும். உடலைச் சுற்றும் 0.8 மிமீ தோலுக்கு இது வேண்டும். குறுக்கே புள்ளி புள்ளியாக, மீன் செதில்போல மினுக்கம் தெரியும் தகடு வளையாது, வளைத்தால் முறியும். துடுப்புக்கு இதுதான். இரண்டையும் மாற்றிப் போட்டால் தோல் சுற்றும்போது வெடிக்கும், துடுப்பு பறக்கும்போது படபடக்கும்.

உடல் குழாய்

உள்ளே காகிதம், வெளியே மரம் என்று இரண்டு அடுக்கு. வெறும் பால்சாவில் குழாய் செய்தால் பாராசூட்டை வெளியே தள்ளும் சூடான வாயு உள்சுவரைக் கருக்கிவிடும். வெறும் காகிதமோ தரையில் மோதும்போது நசுங்கும்.

காகிதத்துக்கும் ரேகை உண்டு. சின்னத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரப்படுத்தினால் அது தானாகச் சுருளும். சுருளின் நடுவே ஓடும் கோடுதான் ரேகையின் திசை. அந்தத் திசை குழாயின் நீளவாக்கில் வரும்படி 340 மிமீ நீளம், 330 மிமீ அகலமுள்ள தாளை வெட்டுங்கள். அகலம் அச்சைச் சுற்றி நான்கு சுற்று வரும்.

அச்சு உருளையில் மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. முதல் சுற்றுக்கான 85 மிமீ பகுதியில் பசை படவே கூடாது. மீதிப் பரப்பு முழுவதும் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, இறுக்கமாக உருட்டுங்கள். முதல் சுற்று சாய்ந்தால் கடைசிச் சுற்று ஒரு விரல் அளவு விலகி நிற்கும். அதனால் தாளின் ஓரத்தை மேசையின் நேர்க்கோட்டுக்கு ஒட்டி வைத்துத் தொடங்குங்கள்.

பசை காயும்போது காகிதம் சுருங்கி அச்சைக் கவ்வும். கால் மணி நேரத்தில் குழாயை முறுக்கி ஒரு விரற்கடை நகர்த்தி, திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி கழித்து மீண்டும் ஒருமுறை. நேராக இழுத்தால் உள்சுற்று தொலைநோக்கிபோல நீண்டு வந்துவிடும், முறுக்கித்தான் எடுக்கவேண்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு, அச்சின் மேலேயே வைத்து 320 மிமீக்கு வெட்டுங்கள். கத்தியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு குழாயைச் சுழற்றினால் வெட்டு நேராக வரும்.

அடுத்து மரத்தோல். 0.8 மிமீ தகட்டை 325 மிமீ நீளத்துக்கு, ரேகை நீளவாக்கில் ஓடும்படி எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியவேண்டிய முகத்தில் மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். சில விநாடிகளில் தகடு கையிலேயே வளையத் தொடங்கும். ஈரம் பட்ட பக்கம் ஊதி விரிகிறது, காய்ந்த பக்கம் அப்படியே நிற்கிறது, ஆகவே ஈரமுகம் வெளிப்பக்கமாகத் தகடு தானே குழாயாகிறது. நாம் வளைக்கவேண்டியதில்லை, மரம் போகும் வழியில் கூடப் போனால் போதும். பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, காகிதக் குழாய் நனையாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை அதன்மேல் சுற்றி, அதற்கு மேல் பால்சாவைப் போர்த்தி, துணி நாடாவால் கட்டுப் போடுவதுபோலச் சுற்றுங்கள். நூலால் கட்டினால் நூலின் தடம் மரத்தில் பதிந்து நிரந்தரமாக நிற்கும்.

இரவு முழுவதும் காய்ந்த பிறகு பிரித்தால் வளைவு நிலைத்திருக்கும். குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஓட்டிச் சுற்றளவை எடுங்கள். அதோடு 3.5 மிமீ கூட்டி வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இரு விளிம்பும் இடைவெளியில்லாமல் சந்திக்கும்படி செய்யுங்கள். கணக்குப்படி தோலின் தடிமனுக்கு நடுவே எடுத்த சுற்றளவு சுமார் 84 மிமீ வரும், ஆனால் கணக்கை நம்பி ஒரே வெட்டில் வெட்டவேண்டாம். பசையை அட்டைத் துண்டால் வழித்து மெல்லிய படலமாகப் பரப்பி, அச்சு உள்ளே இருக்கும்போதே ஒட்டி, மறுபடி துணி நாடாக் கட்டு. தடிமனாகப் பசை போட்டால் ஈரத்தால் காகிதம் உள்ளே குமிழ்விடும், பிறகு பாராசூட் அங்கே மாட்டும்.

மூக்கு

கட்டையின் ரேகை நீளவாக்கில்தான் ஓடவேண்டும். அடிப்பக்கத்தின் நடுவில் 6 மிமீ துளையை 30 மிமீ ஆழத்துக்குப் போட்டு, கெட்டி மரக் குச்சியைப் பசையிட்டு இறக்குங்கள். கடையும்போது இது பிடி. வேலை முடிந்ததும் மட்டமாக அறுத்துவிட்டால் கண் திருகாணிக்கு இதுவே ஆதாரம். பால்சாவில் நேராகத் திருகாணி போட்டால் இரண்டாவது பறப்பிலேயே பிடுங்கிக்கொண்டு வரும்.

சதுரக் கட்டையை உருட்ட அவசரப்படாதீர்கள். முதலில் நான்கு மூலைகளைச் சீவி எட்டுப்பட்டை, பிறகு அந்த எட்டு மூலைகளைச் சீவிப் பதினாறு பட்டை. அதற்குப் பிறகு குச்சியைத் துளைக் கருவியில் மாட்டி, கருவியை மேசையில் கவ்வியால் இறுக்கி, குறைந்த வேகத்தில் சுழலவிட்டு 80 எண் உப்புத்தாள் பட்டையால் உருவம் கொடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், பால்சாத் தூள் மாவைவிட நுண்ணியது. அட்டையில் பாதி வளைவை வெட்டி அளவுச்சட்டமாக வைத்துக்கொண்டு அடிக்கடி ஒப்பிடுங்கள்.

மேலே 80 மிமீ முனை, கீழே 25 மிமீ கழுத்து. கழுத்து குழாயின் உள்ளே போகவேண்டும், விட்டம் சுமார் 24.8 மிமீ. சீலர் பூசினால் கொஞ்சம் தடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மூக்கு தானாக விழக்கூடாது, லேசாக உலுக்கினால் விழவேண்டும். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் முழு ராக்கெட்டும் கூடவே வருகிறது என்றால் அது மிகவும் இறுக்கம். பாராசூட் விரியாமல் தரையில் குத்தும் ராக்கெட்டுகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தென்படும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம், ஏனென்றால் ஈரக்காற்றில் மரம் ஊதும்.

மோட்டார் கூடு

மோட்டார் அளவுள்ள 18 மிமீ குச்சியின் மேல் இரண்டு சுற்று வெறும் தாளைச் சுற்றி, அதன்மேல் முன்போலவே 75 மிமீ நீளமுள்ள காகிதக் குழாய் ஒன்றைச் சுற்றுங்கள். சுவர் அரை மிமீ போதும். உள்ளே, பின்முனையிலிருந்து 64 மிமீ தூரத்தில் 5 மிமீ அகலமுள்ள தடிமனான காகித வளையத்தை ஒட்டுங்கள். மோட்டார் முன்னோக்கித் தள்ளும் முழு விசையையும் தாங்குவது இந்த வளையம்தான். மோட்டார் 6 மிமீ வெளியே நீட்டி நிற்கும், அப்போதுதான் பறந்த பிறகு பிடித்து இழுக்க முடியும்.

பிளைவுட்டில் இரண்டு வளையங்கள் வேண்டும். உள்துளையை முதலில் போட்டு, பிறகு வெளிவட்டத்தை நுண்ரம்பத்தால் அறுங்கள். வெளிவட்டத்தை முதலில் அறுத்தால் துளை போடும்போது வளையம் பிளக்கும். இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் பால்சா உதவாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்தம் வரும் இடம் இது, ரேகை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்ட பிளைவுட்தான் தாங்கும். முன்வளையத்தில் சிறு துளை போட்டுக் கெவ்லார் நூலை நுழைத்து, கூட்டைச் சுற்றி முடிச்சிட்டு, முடிச்சின் மேல் பசை வையுங்கள்.

கூட்டை உடலுக்குள் இறக்குவதில்தான் கைதேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள். வெள்ளைப் பசை ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், நிறுத்திய அடுத்த சில விநாடிகளில் கவ்வும். பாதி வழியில் "சரியாக இருக்கிறதா" என்று பார்க்க நின்றால் கூடு அங்கேயே நிரந்தரமாகிவிடும். ஆகவே முதலில் பசையில்லாமல் இறக்கிப் பாருங்கள், எளிதாகப் போகும்வரை வளையங்களைத் தேயுங்கள். பிறகு நீண்ட குச்சியால் முன்வளையம் வரப்போகும் இடத்துக்குச் சற்றே முன்னால் உட்சுவரில் பசையிட்டு, கூட்டை ஒரே மூச்சில், நிற்காமல், பின்முனை மட்டமாகும்வரை தள்ளுங்கள். பின்வளையத்துக்கான பசையை வெளியிலிருந்து பிறகு ஓரமாக வைக்கலாம்.

துடுப்புகள்

உடலோடு ஒட்டும் அடி 70 மிமீ, வெளிநுனி 35 மிமீ, உடலிலிருந்து வெளியே நீளும் அளவு 55 மிமீ. வெளிநுனியின் முன்மூலை, அடியின் முன்மூலையைவிட 40 மிமீ பின்னால் இருக்கவேண்டும். இந்த நான்கு எண்களையும் அட்டையில் வரைந்து வெட்டிவிட்டால் அச்சு தயார்.

அட்டையைத் தகட்டின்மேல் வைக்கும்போது, துடுப்பின் முன்விளிம்பு ரேகைக்கு இணையாக இருக்கும்படி திருப்புங்கள். ரேகை உடலுக்கு இணையாக ஓடினால் என்ன ஆகும் என்பதை வீணான துண்டில் பார்த்துவிடலாம். அப்படி வெட்டிய துண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியை ஒரு விரலால் அழுத்துங்கள், பிஸ்கட்போல அடியோடு ஒடியும். முன்விளிம்புக்கு இணையாக வெட்டியதை அதே அளவு அழுத்தினால் வில்லாக வளைந்து திரும்பும். தரையிறங்கும்போது துடுப்புக்கு விழும் அடி இதே திசையில்தான்.

வெட்டும்போது கத்தி ரேகையைப் பிடித்துக்கொண்டு விலகப் பார்க்கும். இரும்பு அளவுகோலைத் துடுப்பின் மேல் வைத்து வெட்டினால், விலகினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். அழுத்தி ஒரே வெட்டில் அறுக்காமல் மூன்று நான்கு முறை மெல்ல ஓட்டுங்கள். மூன்று துடுப்புகளையும் அடுக்கி ஊசியால் பிணைத்து, ஓரங்களை ஒன்றாகத் தேயுங்கள். பிறகு பிரித்து, முன்விளிம்பை அரைவட்டமாக, பின்விளிம்பைக் கூராகச் செய்யுங்கள். அடியை மட்டும் தொடக்கூடாது, அது மட்டமாகவே இருக்கவேண்டும்.

காகிதப் பட்டையை உடலைச் சுற்றி ஓட்டி, சுற்றளவை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். ஏறக்குறைய 29 மிமீக்கு ஒரு குறி. கதவு நிலையின் உள்மூலையில் குழாயைச் சாய்த்து வைத்து நிலையின் விளிம்பை ஒட்டி பென்சிலை ஓட்டினால் நேரான நீளக்கோடு கிடைக்கும். தோலின் இணைப்பு எந்தத் துடுப்பின் அடியிலும் வராமல் இரண்டு துடுப்புகளுக்கு நடுவே வரட்டும்.

ஒட்டுவது இரண்டு தடவையாக. துடுப்பின் அடியிலும் உடலின் கோட்டிலும் மெல்லியதாகப் பசை தடவி பத்து நிமிடம் விடுங்கள், மரம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அடியில் மறுபடி மெல்லிய கோடாகப் பசையிட்டு அழுத்துங்கள். முதல் தடவல் இல்லாவிட்டால் பால்சா பசையைக் குடித்துவிட்டு இணைப்பை வறட்டுத்தனமாக விட்டுவிடும். வெளியே நன்றாக ஒட்டியதுபோல் தெரியும், முதல் மோதலில் சுத்தமாகப் பிரிந்து வரும். பின்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூன்றும் குழாயின் மையத்திலிருந்து நேராக விரிகின்றனவா என்று சரிபாருங்கள். மூன்றும் ஒரே பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் ராக்கெட் சுழன்றபடி போகும், உயரம் குறையும். ஒன்று மட்டும் சாய்ந்தால் பாதை வளையும், அது ஆபத்து.

12 மணி நேரம் கழித்து மூலைகளில் பசையைப் பூசி விரலால் வழித்து வளைவாக்குங்கள். ராக்கெட்டைப் படுக்கவைத்து, மேலே பார்க்கும் இரண்டு மூலைகளை மட்டும் ஒரு நேரத்தில். வெள்ளைப் பசை காய்ந்தால் சுருங்கும். தடிமனாக ஒரே முறை வைத்தால் நடுவில் ஓட்டைகள் விழும், ஆகவே மூன்று மெல்லிய பூச்சு.

4 மிமீ பின்னல் ஊசியில் காகிதத்தைச் சுருட்டி 40 மிமீ நீளக் குழாய் ஒன்று செய்து, இரண்டு துடுப்புகளுக்கு நடுவே உள்ள கோட்டில், பின்முனையிலிருந்து 120 மிமீ உயரத்தில் ஒட்டுங்கள். 3 மிமீ ஏவுகம்பி இதன் வழியாகத்தான் செல்லும்.

பூச்சு

பால்சாவின் துளைகளை அடைக்க மூன்று அல்லது நான்கு தடவை சீலர், ஒவ்வொன்றுக்கும் இடையில் 320 எண் உப்புத்தாள். துடுப்பின் இரு பக்கமும் ஒரே அமர்வில் பூசவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிக் காயவிட்டால், தோலை வளைத்த அதே ஈரம் இங்கே துடுப்பை முறுக்கிவிடும். வண்ணம் மெல்லியதாகவே இருக்கட்டும், பின்பக்கம் கூடும் ஒவ்வொரு கிராமும் சமநிலையைக் கெடுக்கும்.

மீட்பு ஏற்பாடு

கெவ்லார் நூல் உடலின் வாய்க்கு வெளியே எட்டக்கூடாது, முன்வளையத்திலிருந்து 20 செமீ போதும். நூல் நீண்டால் பாராசூட் விரியும் வேகத்தில் அது மெல்லிய குழாயை வாயிலிருந்து கத்திபோலக் கிழிக்கும். நூலின் முனையில் 80 செமீ எலாஸ்டிக்கைக் கட்டி, மறுமுனையை மூக்கின் கண் திருகாணியில் முடியுங்கள். எலாஸ்டிக் குட்டையாக இருந்தால் மூக்கு திரும்பி வந்து உடலிலேயே மோதிப் பள்ளம் விழும்.

பாராசூட் 30 செமீ அறுகோணம், மெல்லிய பிளாஸ்டிக் தாளில். ஆறு மூலைக்கும் 35 செமீ நூல். இந்த எடைக்கு விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் இறங்கும், புல்தரையில் சேதம் இருக்காது. மடிக்கும் முன் முகப்பவுடர் தூவுங்கள், ஏவும் நேரத்தில்தான் மடியுங்கள். அதன் கீழே தீப்பிடிக்காத பஞ்சு, குழாயின் விட்டத்தைப்போல இரு மடங்கு உயரத்துக்கு, இறுக்காமல். சாதாரணப் பஞ்சு எரிந்தபடி புல்லில் விழும்.

பறக்குமுன் சமநிலை

1960-களில் ஜேம்ஸ் பாரோமேன் என்ற நாசா பொறியாளர் மாதிரி ராக்கெட்டுகளுக்கு எளிய சூத்திரங்களைத் தந்தார். அவற்றின்படி இந்த வடிவத்தில் காற்றழுத்த மையம், அதாவது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படுவதுபோல இருக்கும் புள்ளி, மூக்கு நுனியிலிருந்து சுமார் 335 மிமீ தூரத்தில் வருகிறது. எடை மையம் அதற்கு முன்னால் குறைந்தது ஒரு உடல் விட்டம் தள்ளி, அதாவது நுனியிலிருந்து 308 மிமீக்குள் இருக்கவேண்டும். மோட்டார், பஞ்சு, பாராசூட் எல்லாம் வைத்தபின் அளவுகோலின் விளிம்பில் கிடத்திப் பாருங்கள். சுத்தமாகச் செய்திருந்தால் 280-ஐ ஒட்டி நிற்கும். 308-ஐத் தாண்டினால் மூக்கின் அடியில் துளையிட்டுக் களிமண் சேருங்கள். ஐயம் இருந்தால், எடை மையத்தில் நூலைக் கட்டி நிலைநிறுத்தி, திறந்த இடத்தில் தலைக்கு மேல் 2 மீட்டர் வட்டத்தில் சுழற்றுங்கள். மூக்கு முன்னோக்கியபடி போனால் சரி. தடுமாறினாலோ வால் முன்னே வந்தாலோ ஏவக்கூடாது.

ஏவுதல்

முதல் பறப்புக்கு ஏ8-3 மோட்டார். எழுத்து மொத்த உந்தத்தைக் குறிக்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் மேல்வரம்பு இரு மடங்காகும். ஏ என்றால் 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. அடுத்த எண் சராசரி உந்துவிசை நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும்வரை உள்ள விநாடிகள். ஏ மோட்டாருக்கு 30 மீட்டர் சதுர வெளி, பி-க்கு 60, சி-க்கு 120 மீட்டராவது வேண்டும்.

மோட்டாரைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, கையால் தள்ளினால் சிரமப்பட்டுப் போகும் அளவு இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் வாயு பாராசூட்டுக்குப் பதில் மோட்டாரைப் பின்னால் துப்பிவிடும், ராக்கெட் மூடிய வாயோடு தலைகீழாக இறங்கும்.

ஏவுகம்பி 90 செமீ நீளம், செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயாமல். அடியில் உலோகத் தட்டு, சுற்றிலும் காய்ந்த புல் இல்லாத தரை. பற்றவைப்பது மின்சாரத்தால் மட்டும், சாவி எடுத்தால் முற்றிலும் செயலிழக்கும் கருவியால், 5 மீட்டருக்கு அப்பால் நின்று. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதுதான் இணைப்புக் கம்பிகளைத் தொடவேண்டும். காற்று மணிக்கு 32 கிமீக்கு மேல் வீசினால் அன்றைக்கு வேண்டாம். பொத்தானை அழுத்தியும் எழவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி யாரும் அருகே போகக்கூடாது. மரத்திலோ மின்கம்பியிலோ சிக்கியதை எடுக்க ஏறாதீர்கள்.

திரும்பி வந்த ராக்கெட்டின் துடுப்பை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பாருங்கள். மூலைப் பசையில் முடி அளவு விரிசல் தெரிந்தால் அங்கே பசை நுழையும்படி வளைத்துப் பூசி, ஒரு நாள் காயவிட்டபின்தான் அடுத்த மோட்டார். எலாஸ்டிக் கருகியிருந்தால் மாற்றுங்கள். வாயின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பிசுபிசுப்பு இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், அடுத்த முறை மூக்கு கழலாமல் போவது அந்தப் பிசுக்கால்தான்.